வளையல் சூடு

என்னை அடிக்காதவர்களை எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம். வாத்தியார் பிரம்பால் அடித்தார். காயப்போட்ட மிளகாயை மிதித்துக்கொண்டு ஓடினேன் என்று பக்கத்து வீட்டு அத்தை அந்த மிளகாய்க் கையாலேயே கன்னத்தில் அறைந்தாள். அன்றைக்கு முழுக்க முகம் எரிந்தது. அம்மாவுக்கு ஆயுதம் என்று தனியாக ஒன்று கிடையாது. கையில் எது இருக்கிறதோ அதுதான். கரண்டி, துடைப்பம், முறம், ஒருமுறை அரிந்துகொண்டிருந்த பூசணிக்காய். அப்பா மட்டும் அடிக்கமாட்டார். அதற்காக அவர் அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாத நாளே இல்லை.

"ஊரே அடிக்குது. பெத்தவரு மட்டும் பேசாம உக்காந்துக்கினு இருக்கீங்க. நீங்க நாலு வெச்சாத்தான அது அடங்கும்?"

"ஊரே அடிச்சும் அடங்கலையே. நான் அடிச்சா மட்டும் அடங்கிடுமா?" என்பார் அப்பா.

நான் கெட்ட பிள்ளை இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூட ஜன்னலில் இருந்து பார்த்தால் சாலை. வாத்தியார் கணக்குச் சொல்லும்போது எனக்குக் கணக்கும் கேட்கும், ஓட்டின் மேல் காக்கா நடப்பதும் கேட்கும், கரும்பு வண்டி முனகுவதும் கேட்கும். எல்லாம் ஒரே சத்தத்தில் கேட்கும். எதைக் கேட்பது என்று நான் முடிவு பண்ணுவதற்குள் கால் எழுந்து வாசலுக்குப் போயிருக்கும். கிணற்றில் விழுந்து எடுத்திருக்கிறார்கள். ஒருமுறை பஸ் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றேன். டிரைவர் இறங்கி வந்து அடித்தார். அம்மா என்னை அடித்ததெல்லாம் பயத்தில். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்ததால் வலி குறையவில்லை.

அப்பாவுக்குப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. என்னை வைத்துக்கொள்ள உறவில் ஒருத்தரும் முன்வரவில்லை, அதனால் நானும் போனேன். போன அன்றே வார்டில் சக்கரம் வைத்த கம்பி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அதில் தொங்கிய பாட்டில் ஒரு பெரியவரின் கையில் மாட்டியிருந்தது. ஊசி பிய்ந்து அவர் வேட்டியெல்லாம் ரத்தம். அம்மா என்னை வராந்தாவில் தள்ளி மிதித்தாள். அந்த வழியாக வந்த ஒரு டாக்டரம்மாதான் அம்மாவைப் பிடித்து இழுத்தார்.

அந்த டாக்டரம்மா குழந்தைகளைப் பார்க்கிறவர். எங்களை ஒரு அறைக்குக் கூட்டிப்போய் அம்மாவிடம் நிறையக் கேட்டார். என்னிடம் கொஞ்சம் பாசிமணியும் நூலும் கொடுத்தார். நான் கோத்தேன், கொட்டினேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்து மறுபடியும் கோத்தேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து அங்கே வந்து சேர்ந்தார்.

"இது திமிர் இல்லம்மா. கவனத்த ஒரு இடத்துல நிறுத்தி வைக்கிற வேலை இவ மூளையில சரியா நடக்கல. அடிச்சா பயம் வரும், கவனம் வராது" என்றார் டாக்டரம்மா. ஒரு மாத்திரை இருக்கிறது, நல்லது செய்யும், ஆனால் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும் என்று ஒளிக்காமல் சொன்னார். மாத்திரை இல்லாமலும் பார்க்கலாம், முன்வரிசையில் உட்கார வைத்து, பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முடித்ததும் எழுந்து ஓடவிட்டுப் பழக்கவேண்டும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்றார். நீங்கள் பேசி முடிவு பண்ணுங்கள் என்று அனுப்பினார்.

பேசினார்கள். எங்கள் வீட்டில் பேச்சு என்றால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும் அளவுக்குப் பேச்சு. அம்மா தன் பக்கத்து வைத்தியங்களை எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும் என்றாள். வல்லாரையை அரைத்து ஊட்டினாள். தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மிளகாய் வற்றலை நெருப்பில் போட்டு என் தலையைப் புகைக்கு நேராகப் பிடித்தாள். நான் வாந்தி எடுத்து மூச்சு நின்றுபோய், அப்புறம் அவளே தண்ணீர் தெளித்து மார்போடு அணைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அப்பா பள்ளிக்கூடம் போய் வாத்தியாரிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிப் பார்த்தார். "வகுப்புல அத்தன புள்ளைங்க இருக்கு. இதுக்கு மட்டும் தனியா பாடத்த ஊட்டி வுடணுமா? வேற வேல இல்ல?" என்று வாத்தியார் சிரித்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து மாத்திரை வாங்கலாம் என்றார்.

அந்த மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதுவரை அதைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்களே தவிர, என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. சாப்பிட ஆரம்பித்த சில நாளில் ஒரு காலைப்பொழுது, கரும்பலகையில் இருந்த கணக்கை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் போட்டு முடித்தேன். காக்கா ஓட்டின் மேல்தான் நடந்துகொண்டிருந்தது. அது காக்கா, இது கணக்கு என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சிலேட்டை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வாத்தியாரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். எவளைப் பார்த்து எழுதினாய் என்று அடித்தார்.

ஆனால் சோறு இறங்கவில்லை. மதியச் சோற்றைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அம்மா என் பாவாடை நாடாவை முடிந்துவிடும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் அதற்குப் பைத்தியக்கார மாத்திரை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"ஓடினாலும் எம்புள்ள தின்னுக்கினு ஓடினா. இப்ப ஒக்காந்துக்கினு சாவுறா. நாளைக்கு எவன் கட்டுவான் இவள? பைத்தியத்துக்கு மாத்திர துன்னவனு சொல்லமாட்டானா?"

"ரோட்ல வண்டியில அடிபட்டுச் செத்தா மட்டும் கட்டுவானா?" என்றார் அப்பா.

அம்மா சொம்பை எறிந்தாள். அது முழங்காலில் பட்டு அப்பா நொண்டினார். நொண்டிக்கொண்டே, தீரும் நிலையில் இருந்த மாத்திரைக்காக மறுநாள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். அது அங்கே மட்டும்தான் கிடைத்தது.

அவர் போன மறுநாள் சாலையை மறித்தார்கள். அது எங்கள் ஆட்கள் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராடிய காலம். அப்போது நாங்கள் தென்னாற்காடு மாவட்டம். மாவட்டம் முழுக்கச் சாலையோரத்துப் புளியமரங்கள் சாலையின் குறுக்கே விழுந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்தில் விழுந்ததில் பாதி என் மாமாவின் கோடாலியில் விழுந்தது. மாமா அம்மாவின் தம்பி, அடுத்த தெரு. நல்ல மனிதர், முன்கோபக்காரர். "நம்ம புள்ளைங்க படிக்கணும். ஆபீஸ்ல போய் உக்காரணும்" என்று கத்திக்கொண்டே வெட்டுவார். உட்காரத் தெரியாத ஒரு பிள்ளை அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மாத்திரை தீர்ந்துவிட்டது. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. சாலை முழுக்க மரமும் கூட்டமும் கூச்சலும். எனக்கு எல்லாச் சத்தமும் திரும்பவும் ஒன்றாகிவிட்டது. போலீஸ் வேன் வந்த அன்று நான் விழுந்த மரத்தின் மேல் ஏறி நின்றிருந்தேன். கல் பறந்தது. என் கையிலும் ஒரு கல் இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியாது. எறிந்தேன். வேனின் கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் லத்தி. ஓடினவர்கள் என்னை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு ஆளின் பல் தெறித்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. மாமா திரும்பி ஓடிவந்து என் மேல் கவிழ்ந்து படுத்தார். எனக்கு விழவேண்டிய அடியெல்லாம் அவர் முதுகில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் வயிறு என் மேல் அதிர்ந்தது.

அன்று சாயங்காலம் அம்மா என்னைத் துடைப்பம் பிய்ந்துபோகும் வரை அடித்தாள். அப்புறம் பிய்ந்த ஈர்க்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, "இது என் கையாலதான் சாவப்போவுது, இல்லனா ரோட்ல சாவப்போவுது" என்று அழுதாள். சட்டை போடமுடியாத முதுகோடு திண்டாடிக்கொண்டிருந்த மாமாதான் யோசனை சொன்னார்.

"கரியாலூர்ல ஒரு ஆளு வளையல் சூடு போடறாராம்க்கா. ஓடுற காலுக்குப் போட்டா அப்படியே நின்னுடுமாம்."

"அவரு வரட்டும்டா."

"பஸ் ஏறிப் போன மாமா எங்க இருந்து வரும்? உளுந்தூர்பேட்டைக்கு அந்தாண்ட ஒரு வண்டி நகரல. அது வர்றதுக்குள்ள இது எதுலனா போயி வுழுந்துடும்."

மாட்டு வண்டியில் கிளம்பினோம். மாமா கூட இருந்ததால் எந்த மரத்தடியிலும் எங்களை ஒருத்தரும் தடுக்கவில்லை. மரத்தைச் சுற்றி வண்டி இறங்கி ஏற வழிகூட விட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மாமா அந்த முதுகில் என்னைச் சுமந்துகொண்டு கல்வராயன் மலை ஏறினார். பாதி வழியில் இறக்கிவிட்டதும் நான் ஓடினேன். பள்ளத்துக்கு ஒரு அடி முன்னால் மாமா என் சடையைப் பிடித்து இழுத்தார். அம்மாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அங்கே போய்விட்டது.

சூடு போடுகிறவர் மலைக்காரர் இல்லை. கீழே இருந்து போய்க் கடுக்காய் வியாபாரம் பண்ணியவர். கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கரி அடுப்பு. அவர் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "புள்ளையப் பெத்தவ போட்டிருக்குற கண்ணாடி வளையல் ஒண்ணு வேணும். கழட்டிக் குடுத்தா ஆவாது. கையில இருக்கும்போதே ஒடைக்கணும். அந்தத் துண்டுதான் புடிக்கும்."

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் தற்செயலாக ஒரு வளையல் உடைந்தாலே பதறிப்போய் அன்றைக்கே வேறு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். கையிலேயே வைத்து வேண்டுமென்று உடைப்பது புருஷன் செத்தவளுக்கு மட்டும்தான். அப்பாவோ போனவர் போனவர்தான், எந்தச் சாலையில் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று தெரியாது.

"டேய், அவரு ரோட்ல இருக்காருடா" என்றாள் மாமாவிடம்.

"நான் ஒடைக்கமாட்டேங்கா. என்னால ஆவாது" என்றார் மாமா. மரம் மரமாக வெட்டிச் சாய்த்த மனிதர்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் ஒரு மூட்டையைப் பிரித்துக் கடுக்காயைக் கொட்டியிருந்தேன். அவள் திரும்பி, வாசற்படிக் கல்லில் தன் வலது கையை ஓங்கி அடித்தாள். வளையல் உடைந்து கையைக் கிழித்தது. ரத்தத்தோடு கிடந்த பச்சைத் துண்டை அந்த ஆள் இடுக்கியில் எடுத்து நெருப்பில் வைத்தார்.

மாமா என்னை மடியில் வைத்து இரண்டு கையையும் சேர்த்து இறுக்கினார். எனக்குக் காது குத்தியபோதும் அதே மடிதான். "மாமன் இருக்கேன், மாமன் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அம்மா கால்களைப் பிடித்துக்கொண்டாள். முதல் சூடு இடது குதிகாலுக்கு மேலே. தோல் பொசுங்கும் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது, வேறு எந்தச் சத்தமும் கலக்காமல். நான் மாமாவின் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தேன். அவர் பிடியை விடவில்லை. இரண்டாவது, வலது காலில். அப்போது ஒன்றுக்குப் போய்விட்டேன். அம்மாவை எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எழவில்லை. எப்படி எழுவது? இரண்டு காலும் கொப்புளித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆனால் அம்மா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஒக்காந்துட்டா பாத்தியா. ஒரே சூடு." வந்தவர்கள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். மிளகாய் அத்தைகூட முறுக்குக் கொடுத்தாள். பைத்தியக்கார மாத்திரையால் ஆகாதது ஒரு வளையலில் ஆயிற்று என்று தெருவே பேசியது. எனக்கு அவர்கள் எல்லாரையும் கடிக்கவேண்டும் போல இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இனி மாத்திரை கிடையாது. கால் ஆறியதும் கால் ஓடும், ஓடினால் மறுபடியும் சூடு.

அப்பா ஒரு மதியம் நடந்தே வந்து சேர்ந்தார். தலையில் துண்டால் ஒரு கட்டு. கட்டில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. அதில் ஈ மொய்த்தது.

அம்மா ஓடிப்போய் அந்தக் கட்டைப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். அப்புறம் தன் வாயிலேயே மாறி மாறி அடித்துக்கொண்டாள். "நான்தான், நான்தான். என் கையாலயே ஒடைச்சேனே. உங்க மண்டைய நான்தான் ஒடைச்சேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு கரியாலூர் போனதைச் சொன்னார். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாவாடையை விலக்கி என் காலைப் பார்த்தார். எழுந்துபோய் மாமாவைச் சுவரில் தள்ளி அறைந்தார். அவர் ஒரு ஆளை அடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடிக்கத் தெரியாமல், காதிலும் கழுத்திலும் தோளிலுமாக அடித்தார். மாமா கையை உயர்த்தவில்லை. அடித்து ஓய்ந்து அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அம்மா கேட்டாள்.

"எப்பங்க பட்டுச்சி? திங்கக்கெழம காலைலயா? அப்பதாங்க நான் ஒடைச்சேன்."

எனக்கு எப்போதும் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும் என்று சொன்னேன் அல்லவா, கண்ணிலும் அப்படித்தான் படும். அந்தக் கட்டு எவ்வளவு பழையது என்று பட்டது. அப்பா என் காலைப் பார்ப்பதும், அம்மாவைப் பார்ப்பதும், மாமாவைப் பார்ப்பதும் பட்டது. 

"ஆமா. திங்கக்கெழமதான். காலைல" என்றார் அப்பா.

பொய். கல்லடி பட்டது மறியலின் முதல் நாளே. எறிந்தது எந்தப் பக்கத்து ஆள் என்றுகூட அவருக்குத் தெரியாது. யாரோ ஒரு வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு, எழ முடிந்ததும் நடக்க ஆரம்பித்திருக்கிறார். பெரியவள் ஆனபிறகு என்னிடம் அவரே சொன்னார்.

அம்மா மாமாவைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டியாடா? இனிமே சூடு கீடுனு எவனாவது இந்த வூட்டு வாசப்படி மிதிச்சீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்." அப்பா டிராயர் பையில் இருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மாத்திரைப் பட்டையை எடுத்தார். நான் அதை அவர் கையில் இருந்து பிடுங்கிப் பல்லால் கிழித்தேன். அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

"முழுங்குடி, சனியனே" என்றாள்.

சாயங்காலம் அவளே வெந்நீர் வைத்து அப்பாவின் கட்டைத் துளித்துளியாக நனைத்து அவிழ்த்தாள்.

அதன்பிறகு மாத்திரை நிற்கவே இல்லை, டாக்டரம்மா போதும் என்று சொல்லும்வரை. அம்மா தினமும் விடிகாலையில் என்னை எழுப்பி, மாத்திரைக்கு முன்னாலேயே பழையசோற்றைக் கட்டி கட்டியாக வாயில் திணிப்பாள். துப்பினால் அடி. அடிப்பதை விட்டுவிட்டாள் என்று எழுத ஆசைதான், விடவில்லை, குறைந்தது. நான் படித்தேன். மாமா லத்தியடி வாங்கிய அந்த ஒதுக்கீட்டில்தான் காலேஜில் இடம் கிடைத்தது. அந்தச் சீட்டை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று மாமா இன்றைக்கும் சொல்லுவார். சொல்லும்போது நான் பிய்த்த வடு அவர் கையில் தெரியும். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் போகவில்லை.

அப்பா போன வருஷம்தான் இறந்தார். காரியத்தன்று பெண்கள் அம்மாவை உட்கார வைத்து வளையலை உடைத்தார்கள். அம்மா வலது கையை நீட்டியபடி, "இது ஏற்கெனவே ஒருதரம் ஒடைச்ச கைதான்" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறாளே என்று இருந்தது. எல்லாரும் போனபிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, அப்பாவுக்கு அடிபட்டது நீ வளையல ஒடைக்கறதுக்கு முன்னாடியேம்மா. அவரு பொய் சொன்னாரு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியும் போடி. அன்னிக்குக் கட்ட அவுத்தது யாரு, நீயா? புண்ணு சீழ் வெச்சு எத்தினி நாளாச்சினு எனக்குத் தெர்லையா?" அவள் தரையில் கிடந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். "ஊரக் கூட்டி சூடு நல்லதுனு சொன்னவ நான். மறுபடியும் மாத்திர குடுக்க எனக்கும் ஒரு காரணம் வேணுமில்ல."